அடுத்த மதகில் மாறுவம்

கோதுமை அறுப்பு முடிந்து, வடக்கே பாலைவனத்திலிருந்து சுடுகாற்று செம்புழுதியையும் உமியையும் வாரிக்கொண்டு இறங்கிய அந்தக் கோடையில், அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் கிடக்கும் வெரிங்கல் என்ற எங்கள் சிற்றூருக்கு வருகிற சைலோ வீதியில், காற்றுக்குள் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம் விழுந்திருந்தது. அது ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. பின்னேரமானதும் உப்பு ஏரித் திருப்பத்தில் தொடங்கி, அந்தக் காய்ந்த வீதியின் ஒரேயொரு மதகைத் தாண்டி, தானியம் கொட்டிவைக்கிற உயரமான சைலோக்களைத் தாண்டி, ஊர் எல்லையிலுள்ள உதைபந்தாட்டத் திடல்வரைக்கும், நன்றாகச் சைக்கிள் ஓடத் தெரிந்த ஒரு பெண் போகிற வேகத்தில் அது வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அதற்குள் அகப்பட்டவள் தபால்காரி மொய்ரா. கன்னத்தில் அறைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று விட்டுப்போனதாகவும், தொப்பியின் கயிறு ஆடாமல் தொங்கியதாகவும், தன் சின்ன மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் காற்று திரும்ப அறைகிறது, ஒரே அளவில் போனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதுபோல இருக்கிறது என்றும், பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றவர்களிடம், தன் வளவு எலுமிச்சை காய்த்ததைச் சொல்கிற குரலில் அவள் சொன்னாள். இடது காதுக்குள் மட்டும் புழுதி போய்விட்டது என்று சொல்லிக் காதைக் குடைந்தபோதுதான், அங்கே நின்ற சைக்கிள் கழகத்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாருக்குப் பின்னால் சைக்கிள் ஓடினால் இடது காதில் மட்டும் காற்றடிக்கும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ரூபிக்கு இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருக்கும். போரின் கடைசி மாதங்களில் புகுந்த இரும்புத் துண்டு ஒன்று இன்னும் அதற்குள் இருந்தது.

ரூபி செத்து அப்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடிந்திருக்கவில்லை.

தவரூபி என்பது அவளின் முழுப்பெயர். அவளும், அவள் தங்கை நிரோஜினியும், நானும் ஒரே படகில் வந்தவர்கள். ஒரே முகாமில் இருந்து, ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வெள்ளைப் பூட்ஸ் போட்டு எலும்பு கழித்து, ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். எங்களுக்கு இருந்தது காத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற விசா. அதை வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்யலாம், வரி கட்டலாம், செத்தும் போகலாம். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரத்தான் முடியாது.

ஒரு தேநீர் இடைவேளையில் தொழிற்சாலை வாசலால் பெண்களின் சைக்கிள் பந்தயம் போனதை ரூபி பார்த்தாள். "சைக்கிள் ஓடுறதுக்கெண்டு உடுப்பு மாத்திக்கொண்டெல்லோ வந்திருக்கினம்" என்று என் காதுக்குள் சொல்லிச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன்னமே ஒரு பழைய பந்தயச் சைக்கிளை எங்கேயோ பிடித்து, கழகத்தில் சேர்ந்து, தங்கையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்து, மறு வருடம் அதே பந்தயத்தில் அதே உடுப்போடு அதே வாசலால் போனாள். நாங்கள் கத்திகளைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கத்தியதில் மேற்பார்வையாளர் பயந்துபோனார்.

சைக்கிள் பந்தயத்தை வேகத்தின் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் வீதியோரத்தில் நிற்கிறவர்கள். அது காற்றைப் பங்குபோடுகிற வேலை என்று ரூபிதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். முன்னால் போகிறவள் காற்றை உடைக்கிறாள், பின்னால் வருகிறவள் அவளின் முதுகுக்குள் ஒளித்துக்கொண்டு பாதிப் பலத்தில் வருகிறாள். முன்னால் இருப்பவள் களைத்ததும் வலது முழங்கையை வெளியே ஒருதரம் அசைப்பாள். அசைத்தால் பின்னால் இருப்பவள் முன்னுக்கு வந்து தன் பங்குக் காற்றை வாங்கவேண்டும். அசைத்தும் வராமல் அடுத்தவளின் பின்சில்லில், சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டே வருகிறவளுக்கு அந்த ஊரில் பேக்கரியில்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அக்காவும் தங்கையும் இந்தக் கலையை வெரிங்கலில் படித்தவர்கள் அல்ல. ஊரில், முள்ளியவளையில், அவர்கள் இருவருக்கும் ஒரே சைக்கிள்தான். ரியூசனுக்குப் போகும்போது சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். மதகுக்கு மதகு ஆள் மாறிப் பெடலை உழக்குவது என்பது ஒப்பந்தம். ஆனால் மதகு வரும்போதெல்லாம் ரூபி இறங்கமாட்டாள், "அடுத்த மதகில மாறுவம்" என்று சொல்லி உழக்கிக்கொண்டே போவாள். வயல்வெளி வீதி, மதகுக்கா பஞ்சம்? அடுத்த மதகு, அதற்கடுத்த மதகு என்று ரியூசன் வாசலே வந்துவிடும். கரியரில் இருந்து வந்த நிரோ பாடத்தைப் பாடமாக்கி முடித்திருப்பாள், அக்காவுக்கு மூச்சு வாங்கும். பரீட்சையில் யார் பாஸ் பண்ணினாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அறுப்புக் காலத்தில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து இருவரும் சைலோ வீதியில் பயிற்சி ஓடி வரும்போது, சைலோ வாசலால் வெளியே வந்த தானிய லொறியின் சாரதிக்கு எதிரே சூரியன் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போன ரூபியை லொறி அடித்தது. ஒரு சில்லளவு பின்னால் வந்த நிரோ சரளைக்கல்லில் விழுந்து, உள்ளங்கைகள் உரிந்ததோடு எழுந்துவிட்டாள். அந்தச் சாரதி அதற்குப் பிறகு லொறி ஓட்டவில்லை என்று கேள்வி. நாங்கள் அவனைத் தேடிப்போகவும் இல்லை, திட்டவும் இல்லை, எங்களுக்கு அழுவதற்கே நேரம் போதவில்லை.

அதற்குப் பிறகுதான் காற்றில் அந்த வெற்றிடம் விழுந்தது. அவள் இறந்த இடத்தில் அது தயங்கக்கூட இல்லை.

ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, ஆனால் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. பகல் வேலை முடித்து ஓட்டைச் சைக்கிளில் வருகிற எங்கள் ஆட்கள் உப்பு ஏரித் திருப்பத்தில் நின்று சிகரெட் பற்றவைத்து, ரூபி வந்ததும் அவளுக்குப் பின்னால் வரிசையாகச் சேர்ந்து, உழக்குகிற களை தெரியாமல் வீட்டுக்கு வந்தார்கள். மொய்ரா தபால் சுற்றையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டாள். தானிய லொறிகள் அவளைக் கண்டால், அதாவது வீதியில் பறக்கிற உமி நடுவே விலகி வழிவிடுவதைக் கண்டால், ஓரம்கட்டி நின்றன. நகரசபை ஒரு மஞ்சள் பலகை நட்டது: மெதுவாகச் செல்லவும், முன்னால் ஒருவர் போகிறார். மெல்பேணிலிருந்து அந்தியேட்டி செய்ய வந்த ஐயர் மட்டும் கோபப்பட்டார். கிரியை எல்லாம் ஒழுங்காகச் செய்தபிறகும் ஓர் ஆத்மா வீதியில் சைக்கிள் ஓடித் திரிந்தால் தன் மந்திரத்துக்கு என்ன மரியாதை என்று கேட்டார். திரும்பிப் போகிற பின்னேரம் கார்க் கண்ணாடியை இறக்கி, அந்த வெற்றிடத்துக்குள் கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

மதகடியில் ஒரு விசேஷம் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் வெற்றிடத்தின் வலது விளிம்பு ஒருகணம் விரிந்து, பின்னால் வருகிறவரின் வலது கன்னத்தில் சூடாக ஒரு வீச்சுக் காற்று படும். ரூபி வணக்கம் சொல்கிறாள் என்று ஊர் முடிவுகட்டியது. உயிரோடு இருந்தபோதும் அவள் கடைக்குக் கடை தலையாட்டி வணக்கம் சொல்லிப் போகிறவள்தானே. ஆகவே கன்னத்தில் காற்றுப் பட்டதும் எல்லோரும் கை உயர்த்தினார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் போகிற பிள்ளைகள் கண்ணாடியால் கைகாட்டினார்கள். சைக்கிள் கழகத்துப் பெண்களும் கைகாட்டினார்கள். பெற்ற தாயின் முகத்தைவிட நன்றாக அந்த அசைவை அறிந்தவர்கள் அவர்கள். ஆனாலும் செத்தவள் ஒருத்தி களைப்பாள் என்று யாருக்குத்தான் நினைக்கத் தோன்றும்? அவளின் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு சுகமாகவும் இருந்தது.

நிரோ ஒவ்வொரு பின்னேரமும் போனாள். அக்காவின் பின்சில்லு இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால் தன் முன்சில்லை வைத்துக்கொண்டு, ஒரு கையால் கைபேசியை உயர்த்திப் பிடிப்பாள். முள்ளியவளையில் அம்மா அதைக் காதில் வைத்து, சுற்றிவரக் காற்று இரைய நடுவில் ஓர் ஆளின் அளவுக்கு இருக்கிற அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மகளின் உடலைப் பார்க்கக் கொடுத்துவைக்காத மனுசிக்கு அதுதான் கிடைத்தது. வீட்டில் நிரோ அழுது நான் பார்த்ததில்லை. பின்னேரம் அக்காவைப் பார்க்கப் போகிறவள் ஏன் அழவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இலையுதிர் காலம் பிறந்தது. பெண்கள் பந்தயம் நெருங்கியபோது, நடுவர் டோரீன் கழகத்தைக் கூட்டினாள். ரூபி இருந்தபோதே இந்தப் பந்தயத்துக்குப் பதிந்திருந்தாள். பதிந்தவள் வீதியில் ஓடிக்கொண்டும் இருக்கிறாள், ஆகவே அவளும் போட்டியாளர்தான், அவளுக்குப் பின்னால் ஒதுங்குவது விதிக்கு உட்பட்டது என்று பேசித் தீர்த்து, எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். டோரீன் மட்டும் சாப்பிடவில்லை. இந்தக் கோடை முழுக்க நம் பெண்களில் ஒருத்தியாவது முன்னால் போய்க் காற்று வாங்கியதை நான் காணவில்லை என்று முணுமுணுத்தாள். பந்தயக் கவலை என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் வெற்றிடம் அப்போது ஒடுங்கத் தொடங்கியிருந்தது. முன்பு ஓர் ஆள் முழுதாக அடங்கிப் போகலாம், இப்போது தோள் வெளியே நின்றது. வேகம் குறைந்தது, ஏற்றங்களில் தள்ளாடியது. மதகடியில் மட்டும் பட்ட அந்தக் காற்று வீச்சு, இப்போது வீதி நெடுக, அடிக்கொருதரம் கன்னத்தில் பட்டது. ரூபி இப்போதெல்லாம் எவ்வளவு அன்பாக, எத்தனை தரம் வணக்கம் சொல்கிறாள் என்று பேக்கரியில் சந்தோஷப்பட்டார்கள்.

பந்தயத்துக்கு முதல்நாள் மத்தியானம், நிரோ கொல்லைப்புறத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் உடுப்புக் காயப்போட்டபடி அந்தப் பேக்கரிக் கதையை அவளுக்குச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அது வணக்கமில்லை, ரஞ்சியக்கா" என்றாள் நிரோ. "முழங்கை. மாறச் சொல்லிக் கேக்கிறா."

அவள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றாள்.

"அப்ப ஏன் பிள்ளை நீ மாறேல்லை?"

"மாறினா அவ எனக்குப் பின்னால போயிடுவா. முன்னால இருக்கேக்கதான் அவ இருக்கிறா எண்டு எனக்குத் தெரியுது. பின்னால போனா எனக்கு என்ன தெரியும்?"

ஈர உடுப்பைப் பிடித்தபடி நின்றேன். அவள் சில்லைச் சுற்றிவிட்டு, அது சுற்றி ஓயும்வரை பார்த்திருந்தாள்.

"அண்டைக்கும் மதகடியில முழங்கையைக் காட்டினவ" என்றாள். "நான் போகேல்லை. கை கால் எல்லாம் அலுப்பு. பகிடிக்குச் சொன்னன், அடுத்த மதகில மாறுவம் எண்டு. அவ சிரிச்சவ, ரஞ்சியக்கா. சிரிச்சுக்கொண்டு உழக்கினவ. அந்த றோட்டில அடுத்த மதகு இல்லை."

மறுநாள் காலை வடகாற்று பேயாய் அடித்தது. தொடக்கக் கோட்டில் டோரீன் பெயர்களை வாசித்தாள். தவரூபி என்று வாசித்துவிட்டு, உயிரோடு உள்ள ஒருத்தி பதில் சொல்ல எடுக்கிற நேரம் பொறுத்து, கொடியை இறக்கினாள். பந்தயத்தின் கடைசி வண்டியை, உதிரிச் சில்லுகளும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏற்றிக்கொண்டு, எங்கள் தொழிற்சாலை யோகராசா அண்ணை ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

தெற்கே போகும்வரை காற்று முதுகில் தள்ளியது, பெண்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். உப்பு ஏரித் திருப்பத்தில் வடக்கே திரும்பியதும் காற்று முகத்தில் சுவராக நின்றது. கூட்டம் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தது. பின்னேரத்தில்தான் வருகிறவள் அன்று பந்தயம் என்பதால் முற்பகலிலேயே வந்தாள். புழுதி நடுவே விலகியது, முதல் இடத்தை வழக்கம்போல நிரோவுக்கு விட்டுவிட்டு, மற்றவர்கள் ஒருவர் முதுகில் ஒருவராக அந்த ஒடுங்கிய வெற்றிடத்துக்குள் தங்களைச் சொருகிக்கொண்டார்கள். வண்டிக்குள் இருந்த எங்களுக்கே தெரிந்தது, அது நடக்கிற வேகத்துக்குச் சற்றுத்தான் கூட.

"பாவம், பிள்ளைக்கு ஏலாமக் கிடக்கு" என்றார் யோகராசா அண்ணை. அவர் எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மதகு வந்தது. காற்று வீச்சும் வந்திருக்கவேண்டும், ஏனென்றால் முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு கையாக உயர்ந்து இறங்கியது. நிரோவின் கை மட்டும் உயரவில்லை. அவள் வலதுபக்கம் விலகி வெளியே வந்தாள். காற்று அவளை அடித்த அடியில் சைக்கிள் ஓரடி பக்கவாட்டில் தள்ளுண்டது, தலையைக் குனிந்து, இருக்கையை விட்டு எழும்பி, ஒவ்வொரு மிதியாக உழக்கி, அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்தில் ஏறினாள். சிலநேரம் அக்காவும் தங்கையும் பக்கம்பக்கமாகப் போனார்கள். நிரோ இடதுபக்கம் திரும்பி ஏதோ சொன்னதை நான் கண்டேன். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டபோது, "பின்னால ஏறு அக்கா எண்டனான்" என்றாள்.

பிறகு அவள் முன்னுக்குப் போனாள்.

கைகாட்டிய பெண்களுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தியும் நிரோவின் பின்சில்லைப் பிடிக்கப் போகவில்லை. நிரோவுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் அளவு இடைவெளியை விட்டு, அதை விட்டதற்காகத் தாங்களும் காற்றில் அடிபட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த இடைவெளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யோகராசா அண்ணை வண்டியின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கினார். உழக்காமல் சும்மா உருண்டு வருகிற சைக்கிளின் பின்சில்லு போடுகிற 'டிக் டிக் டிக்' சத்தம் அது. ஒருத்தி களைப்பாறிக்கொண்டு வருகிறாள். அவ்வளவு காற்று இரைச்சலுக்குள்ளும் அது தெளிவாகக் கேட்டது.

சைலோ வாசல் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, வாசல் பூட்டியிருந்தது. அந்த வாசலை நிரோ முன்னாலும் ரூபி பின்னாலுமாகத் தாண்டினார்கள். தாண்டியபிறகு டிக் டிக் சத்தம் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, ஒரு சில்லு ஓய்கிறதுபோல ஓய்ந்தது. இடைவெளிக்கு அடுத்து வந்த பெண்ணின் சட்டை திடீரென்று படபடத்தது. அந்த இடத்தைக் காற்று நிரப்பிவிட்டது.

நிரோ திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயத்தில் பின்னால் பார்க்கிறவள் விழுவாள். பெண்கள் ஒருத்தி மாறி ஒருத்தி அவளுக்குப் பக்கத்தில் வந்து, இனித் தாங்கள் காற்று வாங்குவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டி மறுத்து முன்னாலேயே போனாள். யாரைக் காற்றிலிருந்து மறைக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாளோ அவள் அங்கே இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. திடல் தெரியும்போது நிரோவின் கால்கள் கைவிட்டன. கூட்டம் அவளைக் கடந்தது. பந்தயம் பந்தயம்தான், அதை ரூபியே ஒப்புக்கொண்டிருப்பாள். யாரோ வென்றார்கள், நான் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் பின்னால் நிரோ வந்து கோட்டைத் தாண்டினாள். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே, தனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று டோரீனிடம் கேட்டாள். டோரீன் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி வீதியைப் பார்த்தாள். எங்கள் வண்டி, அதற்குப் பின்னால் வெறும் வீதி, புழுதி, அதில் எங்குமே விலகாத உமி. கை வலிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் கொடியை இறக்கினாள். நிரோ அப்போதுதான் அழுதாள். கோடை முழுக்க அழாததைச் சேர்த்து, புல்லில் குப்புறக் கிடந்து அழுதாள், உரிந்து ஆறிய அந்த உள்ளங்கைகளால் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அழுதாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் சைலோ வீதிக்குப் போனாள், நானும் என் ஓட்டைச் சைக்கிளில் கூடப் போனேன். மதகடியில் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். அம்மா கன நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குக் காத்துச் சத்தம் மட்டும்தான் கேக்குது, பிள்ளை."

"ஓம் அம்மா."

"அப்ப அவள் இறங்கீட்டாள் போல." என்றாள் அம்மா. "காத்துப் பலமாக் கிடக்கு. தலைக்கு ஒரு துணியைக் கட்டு."

இப்போது சைலோ வீதியில் காற்று முழுதாக அடிக்கிறது. மஞ்சள் பலகையை நகரசபை எடுக்கவில்லை. லொறிகள் இன்னும் அதைப் படித்து மெதுவாகப் போகின்றன. பள்ளிக்கூட பஸ் பிள்ளைகள் மதகடியில் இன்னும் கைகாட்டுகிறார்கள், பழகிவிட்டது. வேலை முடிந்து வருகிற எங்கள் ஆட்கள் நிரோவின் பின்னால் ஒதுங்கி வருகிறார்கள், அவள் ஒருவரையும் முன்னுக்குப் போகவிடுவதில்லை.

தனியே வருகிற நாட்களில், மதகடிக்கு வந்ததும் நிரோ வலது முழங்கையை வெளியே ஒருதரம் அசைப்பாள். அசைத்துவிட்டு உழக்குவதை நிறுத்தி, பின்னாலிருந்து ஆள் வருவதற்கு எடுக்கிற நேரம் பொறுப்பாள். ஒருவரும் வருவதில்லை. பிறகு அவளே உழக்கிக்கொண்டு போவாள்.